தினம் ஒரு இஞ்சு

தண்ணீர் சரியாக ஒரு இஞ்சு குறைந்திருந்தது.

தையல்காரர் தரையில் மண்டி போட்டு, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். நேற்றுப் படுக்கப் போகும்போது, கண்ணாடியில் அவர் சாக்பீஸால் போட்டிருந்த முதல் கோட்டைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. இப்போது இரண்டாவது கோட்டில் நிற்கிறது. தொட்டியின் குளியலறைப் பக்கத்து மூலைக்குக் கீழே தரையில் ஈரம் மினுமினுத்தது.

"காலங்காத்தால தரையில விழுந்து யாரைங்க கும்பிடறீங்க?" என்றாள் மனைவி, வேலைக்குப் போகத் தலை பின்னிக்கொண்டே.

"மெதுவாப் பேசு. ஒழுகுது."

"எது?"

"என் மானம்."

ஜன்னலோரம் மாமனார் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வீட்டில் மற்றவர்கள் கண் விழிப்பதற்கு முன்பே குளித்து, தலை வாரி, வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்துவிடுவது அவர் வழக்கம். செய்தித்தாளுக்கு மேலே ஒரு கண் எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி இறங்கிக்கொண்டது.

தையல்காரர் ஓசைப்படாமல் இரண்டு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். தண்ணீர் ஏறி முதல் கோட்டைத் தொட்டது. ஈரத்தைத் துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் விசிலடித்துக்கொண்டே கடைக்குப் போனார்.

அந்தத் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இடுப்பு உயரம். மூன்று பக்கமும் அடியும் தடித்த பிளைவுட், முன்பக்கம் மட்டும் கண்ணாடி. புதிதாக ஊசி பிடிக்கிறவன் முதலில் கைக்குட்டைக்கு ஓரம் அடித்துப் பழகுவான். நம்மவர் எடுத்த எடுப்பிலேயே கல்யாணக் கோட்டில் கை வைத்துவிட்டார். மீன் வளர்த்த பழக்கம் கிடையாது. மரவேலை தெரியாது. தண்ணீருக்கும் அவருக்கும் இருந்த ஒரே சம்பந்தம், இஸ்திரி போடுமுன் துணியில் தெளிப்பதுதான்.

எல்லாம் ஒரு மீனால் வந்தது. அவர் மனைவி பல் டாக்டரிடம் உதவியாளர். அங்கே காத்திருக்கும் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் ஒரு மீன். அது வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து நோயாளிகளும் தம்மையறியாமல் வாயைத் திறந்துவிடுவார்கள். டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். உள்ளங்கை நீளத்தில் வந்த மீன் வருஷாவருஷம் வளர்ந்து முழங்கை நீளத்தைத் தாண்டிவிட்டது. இப்போது அது திரும்ப வேண்டுமென்றால் உடம்பை மடக்கி, வாலை வாயருகே கொண்டுவந்துதான் திரும்ப வேண்டும். இந்த நேரம் பார்த்து டாக்டர் அறையை மாற்றிக் கட்டத் தீர்மானித்து, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது எடுத்துக்கொள்ளாவிட்டால் மீனை ஏரியில் விட்டுவிடப் போவதாகச் சொல்லிவிட்டார்.

"இந்தக் குளிர்ல அது ஒரு ராத்திரி தாங்காதுங்க. பிறந்ததுலேருந்து வெதுவெதுன்னு இருக்கிற தண்ணியிலயே வளந்த பிள்ளை," என்று மனைவி கண் கலங்கினாள்.

"நாளைக்கே ஒரு தொட்டி பண்ணிடறேன்," என்றார் தையல்காரர்.

அவருக்கு 'நாளைக்கு டெய்லர்' என்று ஒரு பெயர் உண்டு. சட்டை கேட்டாலும் நாளைக்கு, கோட்டுக் கேட்டாலும் நாளைக்கு. ஆனால் இந்தத் தடவை மனிதர் அன்றைக்கே டேப்பை எடுத்துக்கொண்டு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போய், கண்ணாடிக்கு வெளியே நின்று மீனுக்கு அளவெடுத்தார். நீளம், இடுப்பு, திரும்பினால் எவ்வளவு, எல்லாம்.

"இன்னும் வளர்ற பிள்ளை. உள்ள நிறையத் துணி விட்டுத் தைக்கணும்," என்றார்.

அப்படி விட்ட துணிதான் ஆறடி ஆகிவிட்டது.

மீன் ஒரு காரணம் என்றால் மாமனார் இன்னொரு காரணம். அவர் ஓய்வுபெற்ற எடை அளவு ஆய்வாளர். தராசுத் தட்டையும் முழக்கோலையும் பார்த்தே ஆயுளைக் கழித்தவர். மகளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையே ஆசையாகத் தன் கையால் மாமனாருக்கு ஒரு கோட்டுத் தைத்துக் கொடுத்தார். மாமனார் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். இரண்டு கையையும் நீட்டினார். "இடது கை அரை இஞ்சு நீளம்," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கோட்டை அவர் போட்டு யாரும் பார்த்ததில்லை. மாப்பிள்ளையின் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த அரை இஞ்சு தையல்காரரின் நெஞ்சில் குண்டூசியாகக் குத்திக்கொண்டிருந்தது.

மகன் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்று இந்த மாதம் மாமனார் இங்கே வந்து தங்கியிருந்தார். வந்த மறுநாளே, "மாப்பிள்ளை, தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருக்கு. கொதிக்கக் கொதிக்க வேண்டாம். உடம்பு நடுங்காம இருந்தாப் போதும்," என்றார். குளியலறை கீசர் போன குளிர்காலமே உயிரை விட்டிருந்தது. "நாளைக்கே ஏற்பாடு பண்ணிடறேன் மாமா," என்று இவர் வழக்கம்போலச் சொன்னார். வழக்கம்போல மறந்தும் போனார். தொட்டி நினைப்பு வந்தவனுக்குக் கீசர் நினைப்பு எப்படி வரும்?

தொட்டியை மாமனார் கண்ணெதிரே கட்ட வேண்டும், மீன் உள்ளே நீந்துகிற அன்றைக்குத்தான் அது மீன் தொட்டி என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவர் வாயிலிருந்து 'நல்லாயிருக்கு' என்று ஒரு வார்த்தை வர வேண்டும். இதுதான் திட்டம்.

"மீன்ங்கிற வார்த்தை இந்த வீட்டுல யார் வாயிலயும் வரக்கூடாது," என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"அப்பா கேட்டா?"

"கேட்க மாட்டார். கேட்டா கௌரவம் குறைஞ்சுடும்."

அது உண்மைதான். ஹாலில் மரம் அறுத்தபோதும், சட்டத்துக்கு ஆணி அடித்தபோதும் மாமனார் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தார், கேட்கவில்லை. உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் புகாத எபாக்ஸி பெயிண்ட் பூசி, "லைனிங் கொடுத்தாச்சு," என்று தையல்காரர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டபோது லேசாகப் புருவம் உயர்ந்தது. கண்ணாடியை வெளியிலிருந்து ஒட்டினால் தண்ணீர் தள்ளிவிடும், உள்ளிருந்து ஒட்டினால் தண்ணீரே அழுத்திப் பிடித்துக்கொள்ளும் என்பது பாக்கெட் தைத்துப் பழகிய மூளைக்குச் சட்டென்று எட்டியது. சிலிக்கான் பசையை ஓரம் முழுக்க ஒரே சீராகப் பிதுக்கி விரலால் வழித்தார். காயும்வரை யாரையும் கிட்டே விடவில்லை. காய்ந்த பிறகு கழுவிக் கழுவி ஊற்றினார். அப்புறம் தண்ணீர் ரொப்பி, மீனுக்கு வாங்கிய ஹீட்டரையும் உள்ளே தொங்கவிட்டார். மீன் வருமுன் தண்ணீர் சில நாள் வெதுவெதுப்பாகவே இருந்து பழக வேண்டும் என்பது டாக்டர் சொன்ன யோசனை. கடைசியாகத் தண்ணீர் குறைகிறதா என்று பார்க்கக் கண்ணாடியின் வெளிப்பக்கம் மேலிருந்து கீழாக இஞ்சு இஞ்சாகக் கோடு போட்டார்.

அப்போதுதான் அது நடந்தது. மாமனார் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து தம் பழைய இரும்பு ஸ்கேலை எடுத்துக் கோடுகளின் மேல் வைத்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஹீட்டரின் சிவப்பு விளக்கை ஒரு பார்வை. மாப்பிள்ளையை ஒரு பார்வை.

"கோடு சரியா இருக்கு," என்றார்.

தையல்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் சட்டை எப்போது என்று கேட்க, "இன்னிக்கே," என்று சொல்லிவிட்டார். வந்தவர் கடை மாறி வந்துவிட்டோமோ என்று வெளியே போய்ப் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு வந்தார்.

அதற்கு மறுநாள் காலையில்தான் ஒரு இஞ்சு காணாமல் போனது.

முதலில் மூலை மேல் சந்தேகம் வந்தது. ஈரம் அங்கேதானே இருக்கிறது. மாமனார் மத்தியானம் கண்ணயர்ந்த நேரத்தில், தொட்டியைக் காலி செய்ய ஒரு டியூப்பை உள்ளே விட்டு மறுமுனையைக் குளியலறைப் பக்கம் இழுத்தார். டியூப் வழியில் நழுவியது. தையல்காரர் வாயிற்படியில் யாருடனோ பேசிவிட்டுத் திரும்பியபோது ஹாலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதில் பையைக் கவிழ்த்துக்கொண்டு வாடிக்கையாளர் ஒருவரின் மாப்பிள்ளைக் கோட்டு மிதந்தது. கடையில் இடமில்லை என்று வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தது. சிவப்பு லைனிங் சாயம் விட்டுக் கோட்டின் முதுகெல்லாம் மேகம் மேகமாகப் படர்ந்திருந்தது.

"இதுவும் ஒரு டிசைன்தான்," என்றாள் வேலை முடிந்து வந்த மனைவி, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தண்ணீரை வழித்தபடி.

"கல்யாணம் என்னிக்குன்னு பார்த்தியா?"

"நாளைக்கு இல்லை. பயப்படாதீங்க."

மூலைக்குக் கூடுதலாக சிலிக்கான் வைத்தார். அது காயும்வரை தொட்டி காலியாகக் கிடந்தது. அந்த நாட்களில் மாமனார் காலையில் தொட்டியருகே வந்து நின்று, கொஞ்சம் வாடிய முகத்துடன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தண்ணி இல்லையா மாப்பிள்ளை?"

"சின்ன வேலை மாமா. நாளைக்கு ரொப்பிடுவேன்."

"அவசரமில்லை. என்னால உங்களுக்குச் சிரமம் வேண்டாம்," என்று தும்மினார்.

எவ்வளவு பெரிய மனது என்று தையல்காரர் நெகிழ்ந்து போனார். ரொப்பினார். மறுநாள் காலை பார்த்தால் ஒரு இஞ்சு குறைவு.

கடையில் காஜா எடுக்கிற அக்காவிடம் மட்டும் ரகசியத்தைச் சொன்னார். அக்கா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே யோசித்தாள்.

"துணியை நனைச்சா சுருங்குதில்ல? தண்ணியைச் சூடாக்கினா அதுவும் சுருங்கும். ஆவியாப் போகுது தம்பி. மூடி போடுங்க."

மூடி போட்டார். தூக்க வசதியாக நடுவில் ஒரு கைப்பிடியும் வைத்தார். "மூடி போட்டது நல்லது," என்றார் மாமனார், செய்தித்தாளை இறக்காமலே. இது இரண்டாவது பாராட்டு. ஆனால் மறுநாளும் ஒரு இஞ்சு குறைந்தது. அரை இஞ்சு இல்லை, முக்கால் இல்லை. அளந்து வைத்ததுபோல் ஒரு இஞ்சு. இவ்வளவு ஒழுங்காக ஒழுகுகிற தொட்டியை உலகத்திலேயே தாம் ஒருவர்தான் கட்டியிருக்க முடியும் என்று தையல்காரருக்கு அழுகையாக வந்தது.

"மூலை இல்லை. பலகையே தண்ணியைக் குடிக்குது," என்று அடுத்து முடிவு செய்தார். மறுபடி காலி செய்து, உள்ளே முழுக்க இன்னும் இரண்டு தடவை எபாக்ஸி பூசினார். அந்த நாற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து யாராவது விஷம் வைத்துக்கொண்டார்களா என்று விசாரித்துவிட்டுப் போனார். காய்ந்து, கழுவி, ரொப்பி முடித்த அன்றைக்குத்தான் மச்சான் வந்தான். மனைவியின் அண்ணன், லாரி ஓட்டுகிறவன், வாய் மட்டும் பிரேக் இல்லாதது.

"என்ன மாப்ள, யானைக்கு ஜட்டி தைக்கிறியா?" என்று தொட்டியைத் தட்டினான்.

"தட்டாதீங்க மச்சான்."

"தட்டினா என்ன, பொத்துக்குமா?"

மாமனார் கையைத் தூக்கி மகனை அடக்கினார். "தெரியாத விஷயத்துல வாயை விடாதே. போய்ப் படு," என்றார். மகனுக்கு எதிராக மாமனார் தம் பக்கம் பேசியதைத் தையல்காரர் தம் காதால் கேட்டார். அன்றிரவு சந்தோஷத்தில் வெகு நேரம் தூக்கம் வரவில்லை. பிறகு வந்த தூக்கத்தில் இடி இடித்தாலும் எழுந்திருக்காத குறட்டை விட்டார்.

காலையில் மச்சான் ஈரத் தலையோடு லாரி எடுக்கக் கிளம்பிப் போன பிறகு தொட்டியைப் பார்த்தார். இரண்டு இஞ்சு குறைந்திருந்தது.

"பூசப் பூச அதிகமா ஒழுகுதே," என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"விட்டுடுங்களேன். டாக்டர்கிட்ட நான் பேசிப் பார்க்கிறேன்," என்றாள் மனைவி மெல்ல.

"பேசி? ஏரியில விடவா? அது திரும்பறதுக்கு வாலை மடக்குதே, அதைப் பார்த்தப்புறம் எனக்குச் சோறு இறங்கலை. உங்கப்பா வேற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிளம்பறார். இந்தத் தடவை விட்டா, அந்த அரை இஞ்சோடயே நான் சாக வேண்டியதுதான்."

யோசித்ததில் வேறொன்று பட்டது. தண்ணீர் பாரத்தில் தொட்டிக்கு வயிறு தள்ளுகிறது, அதனால் இடுக்கு திறக்கிறது. வயிறு தள்ளினவருக்கு என்ன தைப்போம்? இடுப்புப் பட்டை. நான்கு விரல் அகலத்தில் கனத்த மரச்சட்டம் எடுத்துத் தொட்டியைச் சுற்றி வைத்து, தண்ணீரைக்கூட இறக்காமல் ஸ்க்ரூ முடுக்கினார். கடைசி ஸ்க்ரூ கொஞ்சம் நீளம். பலகையைத் துளைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தது. சரியில்லை என்று அதைக் கழற்றினார்.

அதுவரை ஒழுகாத இடத்திலிருந்து பென்சில் கனத்தில் தண்ணீர் பீய்ச்சி அவர் நெற்றியில் அடித்தது.

ஒரு கை விரலால் ஓட்டையைப் பொத்திக்கொண்டு, மறு கையால் எதையாவது எடுக்கத் துழாவியபடி, மனைவி வேலை முடிந்து வரும்வரை அவர் அப்படியே நின்றார். நடுவில் மாமனார் வந்து பார்த்தார்.

"கை வலிக்குமே மாப்பிள்ளை?"

"சும்மா பலம் பார்க்கிறேன் மாமா."

"நாற்காலி போடட்டுமா?" என்று கேட்டுத் தம் நாற்காலியையே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

தண்ணீரை இறக்கி, ஓட்டைக்கு உள்பக்கத்திலிருந்து பெரிய கறுப்புக் கோட்டுப் பட்டன் ஒன்றை எபாக்ஸியில் தோய்த்து அழுத்தினார். பட்டன் அசையவில்லை. சொட்டுத் தண்ணீர் வெளியே வரவில்லை. கண்ணாடி வழியே பார்த்தால் தொட்டிக்கே ஒரு மூக்கு வைத்தாற்போல் இருந்தது. உலகத்தில் பட்டன் வைத்த தொட்டி இது ஒன்றுதான் என்று அந்தத் துயரத்திலும் அவருக்கு ஒரு பெருமை வந்தது. பட்டன் தைப்பது அவர் தொழில், அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

மறுநாள் பட்டன் இருந்தது. ஒரு இஞ்சு இல்லை.

கடைசி ஆயுதமாகச் சொட்டு நீலத்தை எடுத்தார். வெள்ளைத் துணிக்குப் போடுகிற அதே நீலம். தண்ணீரில் கலக்கிவிட்டால் எந்த வழியாக ஒழுகினாலும் பலகையின் வெளியே நீலக்கறை காட்டிக்கொடுத்துவிடும். தொட்டியைச் சுற்றி வெள்ளைத் துணியும் விரித்துவிட்டுப் படுத்தார்.

காலையில் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பலகையில் ஒரு கறை இல்லை. குளியலறைப் பக்கத்து மூலையில் துணி மீது மட்டும் நாலைந்து சொட்டு, யாரோ மேலிருந்து தெளித்ததுபோல். தண்ணீர் ஒரு இஞ்சு குறைந்திருந்தது.

"மாயமா இருக்கு," என்று முணுமுணுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, ஜன்னல் வெளிச்சத்தில் மாமனாரின் நரைத்த தலை அன்றைக்கென்று பளபளவென்று, வெளுத்த துணி மாதிரி இருந்தது. வயதானாலும் என்ன களை என்று நினைத்துக்கொண்டார்.

நீலத் தண்ணீரைக் கொட்டி, கழுவி, புதுத் தண்ணீர் ரொப்பும்போது தையல்காரர் தோற்றுப்போனதை ஒப்புக்கொண்டுவிட்டார்.

"இது தினம் ஒரு இஞ்சு ஒழுகற தொட்டி. அவ்வளவுதான். சில குழந்தை ராத்திரி படுக்கையை நனைக்குது, தூக்கியா போடறோம்? நான் உயிரோட இருக்கிறவரை காலையில ரெண்டு பக்கெட் ஊத்தறேன். மீனைக் கொண்டா," என்றார்.

மனைவி அவர் கையை எடுத்து, எபாக்ஸி ஒட்டிக் காய்ந்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் மாமனார் வழக்கத்துக்கு மாறாகத் தாமே பேச்சுக் கொடுத்தார். தம்மோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரை அழைத்துவரப் பஸ் நிறுத்தத்துக்குப் போவதாகச் சொன்னார்.

"எதுக்குப்பா இன்னிக்குப் போய்?" என்று கேட்டாள் மகள்.

"அவர் ஒண்ணைப் பார்க்கணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. டாக்டரின் காரில், பெரிய பிளாஸ்டிக் தொட்டியில், ஈரத்துணி போர்த்திக்கொண்டு மீன் வந்து இறங்கியது. தையல்காரரும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி உள்ளே விட்டார்கள். மீன் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு பட்டனை முகர்ந்து பார்த்தது. நேராக அந்தக் கோடிவரை போனது. அங்கே உடம்பை மடக்காமல், வாலை வாயருகே கொண்டுவராமல், பெரிய மனுஷன் வீதியில் திரும்புவதுபோல் விசாலமாகத் திரும்பி வந்தது.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தையல்காரருக்கும் கண் நிறைந்துவிட்டது. ஒழுகட்டும், தினம் இரண்டு இஞ்சே ஒழுகட்டும். இந்தத் திருப்பத்துக்கு ஈடாக எதையும் தரலாம் என்று தோன்றியது. தாம் பிறந்ததிலிருந்து செய்த வேலைகளில் இதுதான் பெரிய வேலை என்று அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதற்கென்றே தைத்து வைத்திருந்த வெல்வெட் திரையைத் தொட்டியின் முன் இழுத்து மூடினார்.

மாமனார் உள்ளே வந்தார். அந்தக் கோட்டைப் போட்டிருந்தார். கல்யாணக் கோட்டு. இடது கை மட்டும் அரை இஞ்சு உள்ளே மடித்து, இரண்டு கையும் சமமாக இருந்தது.

அவர் பின்னால், ஒல்லியாக, வழுக்கைத் தலையோடு நண்பர் வந்தார். ஏனோ தோளில் ஒரு துண்டு போட்டிருந்தார். கையில் சிறிய சோப்பு டப்பா வேறு.

"மாமா," என்றார் தையல்காரர். "இத்தனை நாள் உங்ககிட்ட மறைச்சு வச்சிருந்த ஒண்ணை இன்னிக்குக் காட்டப் போறேன்."

"எனக்கு முதல் நாளே தெரியும் மாப்பிள்ளை," என்றார் மாமனார்.

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று அவள் அவசரமாகத் தலையாட்டினாள்.

"நீங்களாச் சொல்றவரைக்கும் கேட்கக் கூடாதுன்னு இருந்தேன்," என்று மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கு வாயால பாராட்டிப் பழக்கமில்லை. உங்களுக்கே தெரியும். அதான், ஊர்ல பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் நான் சொன்னதை, இவர் வாயால நீங்க கேட்டுக்குங்க."

சொல்லிவிட்டுக் கோட்டின் முன்பக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். நண்பர் சோப்பு டப்பாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு தையல்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மாமனார் குளிக்கறதுக்குன்னே வெதுவெதுன்னு வெந்நீர்த் தொட்டி கட்டி, எவ்வளவு மிச்சமிருக்குன்னு தெரியக் கண்ணாடி வச்சு, ஒரு குளியலுக்கு ஒரு இஞ்சுன்னு கோடும் போட்டு, குறைஞ்சதைத் தினம் காலையில தன் கையாலயே ரொப்பற மாப்பிள்ளையை நான் எங்கயும் பார்த்ததில்ல தம்பி, அந்தத் திரையைக் கொஞ்சம் விலக்குங்க, நானும் ஒரு இஞ்சு குளிச்சுட்டுப் போறேன்."